தீட்டும் டீசலும்

(மருங்காபுரியில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுறவன், பேங்க்கில் கிளார்க் வேலை பார்க்கிறவன், இவனுக்கும் மண்ணுக்குள் இறங்கின டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் யோசிக்கலாம். தண்ணீரைப் பற்றிப் பேசாமல் நம் விடுதலையைப் பற்றிப் பேச முடியாது என்பதுதான் சம்பந்தம். எரிபொருள் கசிந்து மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டுப்போனால் அதை எப்படிச் சுத்தம் செய்வது? யார் கையால் செய்வது? யார் செலவில் செய்வது? சுத்தமாகிற வரைக்கும் யார் எந்தத் தண்ணீரைக் குடிப்பது? இந்த நாலு கேள்விகளோடு வந்திருக்கிறேன்.

சுத்தம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 1927 மார்ச் 20-இல் மகாட் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அடுத்து என்ன செய்தார்கள்? பால், தயிர், சாணி, மாட்டு மூத்திரம் கலந்து 108 பானை கொண்டுவந்து குளத்தில் ஊற்றினார்கள். மந்திரம் சொன்னார்கள். குளம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். அந்தக் குளத்தில் குடிக்கும் உரிமை நமக்கு உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆயிற்று. பத்து வருஷம். அதாவது, இல்லாத அழுக்கைப் போக்க அவர்களிடம் சடங்கு இருந்தது, ஆள் இருந்தது, பானை இருந்தது, அவசரம் இருந்தது. மனிதன் தொட்டால் தண்ணீர் கெடும் என்று நம்புகிற சமூகம், எண்ணெய் கலந்து உண்மையிலேயே தண்ணீர் கெடும்போது எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

முதலில் எண்ணெய் மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால், ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், பெட்ரோல் சுமார் 740 கிராம். இரண்டுமே தண்ணீரைவிட லேசு. நிலத்தடித் தொட்டியிலோ குழாயிலோ ஓட்டை விழுந்தால் எண்ணெய் மண் வழியாகக் கீழே இறங்கும். போகிற வழியில் மண் பொடிகள் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிழிந்த துணியில் ஈரம் தங்குகிற மாதிரி. மீதி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதற்குமேல் ஒரு ஏடாக மிதக்கும். மழையில் நீர்மட்டம் ஏறினால் எண்ணெயும் ஏறும், கோடையில் இறங்கினால் அதுவும் இறங்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கி அந்த உயரம் முழுக்க மண்ணில் பூசிவிடும். இதைத் தவிர எண்ணெயில் இருக்கிற பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவை தண்ணீரிலேயே கொஞ்சம் கரையும். கரைந்தது நிற்காது. தண்ணீர் போகிற திசையில் அதுவும் போகும். எண்ணெய் ஒரு தெருவில் கசியும், வாடை இன்னொரு தெருக் கிணற்றில் அடிக்கும்.

பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இரத்தப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு உறுதியானது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் பென்சீன், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லையில் கொண்டுபோய் நிறுத்தும். பத்தாயிரம் லிட்டர் லாரியில் பத்து லாரித் தண்ணீர். நம் நாட்டுக் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, கனிம எண்ணெய் ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. அதனால் ‘லேசா வாடைதானே அடிக்குது, கொதிக்க வெச்சுக் குடிங்க’ என்று எந்த அதிகாரி சொன்னாலும் கேட்காதீர்கள். கொதிக்க வைத்தால் சாவது கிருமி. எண்ணெய் என்ன கிருமியா? அடுப்பங்கரையில் அதன் ஆவியையும் சேர்த்து மூச்சில் இழுப்பதுதான் மிச்சம்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சமாச்சாரம் இல்லை. வடசென்னையில் நடந்தது. துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் குழாய் கசிந்து, 2013 ஜூலையில் தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. வாளியில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர். யோசித்துப் பாருங்கள், நெருக்கியடித்து வீடுகள் இருக்கிற உழைப்பாளி மக்கள் பகுதி. அடுப்பு எரிகிற இடத்துக்குக் கீழே எரிபொருள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. சென்னை ஐஐடி நிபுணர்கள் வந்து ஆய்வு செய்தார்கள். மண்ணுக்கடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கிற வேலை ஆரம்பித்தது. ஆரம்பித்த வேலை ஒரு மாதத்தில் முடியவில்லை, ஒரு வருஷத்திலும் முடியவில்லை. வருஷக்கணக்கில் இழுத்தது. குழாய் கசிவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. சுத்தம் செய்வதற்கு மட்டும் கமிட்டி, அறிக்கை, வாய்தா.

தண்டையார்பேட்டை கடலோர மணல் பூமி. இன்னொரு தமிழ் நிலம் சுண்ணாம்புக் கல் பூமி. யாழ்ப்பாணம். அங்கே வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. கிணறுதான் ஆறு, கிணறுதான் குளம், கிணறுதான் கழனி. அந்தக் கிணறுகளில் யார் கயிறு போடலாம், யார் போடக்கூடாது என்பதில்தான் அங்கத்திய சாதி உயிரோடு இருந்தது. பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் வெள்ளாளர் கிணற்றுக்கு வெளியே குடத்தோடு காத்து நின்றார்கள், யாராவது அள்ளி ஊற்றுகிற வரைக்கும். கே. டானியல் ‘தண்ணீர்’ என்றே ஒரு நாவல் எழுதினார். 1986-இல் தஞ்சாவூரில் காலமான நம் டானியல்தான்.

அந்த யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில், எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கிற நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது. 2014, 2015-இல் அது பெரிய போராட்டமானது. சுண்ணாம்புக் கல்லில் பொந்தும் குடைவுமாக இருக்கும், உள்ளே போனது எந்தப் பொந்து வழியாக எந்தக் கிணற்றுக்கு வரும் என்று சொல்ல முடியாது. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2019 ஏப்ரல் 4-இல் தீர்ப்பு. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின் நிலையத்தை நடத்திய நார்தர்ன் பவர் கம்பெனி 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்க வேண்டும், அது 500 பேருக்கு மிகாமல், ஒருவருக்கு 40,000 ரூபாய்க்கு மிகாமல் பிரித்துத் தரப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். இது முக்கியமான வெற்றி. அதே நேரம் நாம் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டாக வேண்டும். கிணறு வைத்திருந்தவர் என் கிணறு கெட்டது என்று எழுதிக் கொடுக்கலாம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கிணற்றை நம்பியே இருந்தவர் எதை எழுதிக் கொடுப்பார்?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நம் பக்கம் மணலும் இல்லை, சுண்ணாம்புக் கல்லும் இல்லை. கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் கிடக்கிறது. போர் போட்டவர்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் 300 அடியில் தண்ணி, பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் புழுதி. எந்த வெடிப்பு எந்த வெடிப்போடு சேர்கிறது என்று மேலே நின்று சொல்ல முடியாது. தண்ணீரைத் தேடுவதே இவ்வளவு கஷ்டம் என்றால், அந்த வெடிப்புக்குள் எண்ணெய் போய்விட்டால் அதைத் தேடி எடுப்பது எவ்வளவு கஷ்டம்? பாறை பூமியில் சுத்திகரிப்பு மணல் பூமியைவிடக் கடினம்.

நமக்கும் எண்ணெய்க்கும் தூரம் அதிகமில்லை. திருச்சி-மதுரை நெடுஞ்சாலை துவரங்குறிச்சி வழியாகப் போகிறது. சாலையோரம் பங்க், லாரி மெக்கானிக் பட்டறை, வாட்டர் சர்வீஸ், பழைய ஆயிலைத் தரையில் ஊற்றுகிற பழக்கம். திருச்சி வாழவந்தான்கோட்டையில் இந்தியன் ஆயில் கிடங்கு இருக்கிறது. மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு எண்ணெய்க் குழாயே போகிறது. இதில் எதுவும் கசிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கசிந்தால் முதலில் யாருக்குத் தெரியும், யார் சொன்னால் எடுபடும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு காலனி. பேர் வேண்டாம், பங்க் பேரும் வேண்டாம். என் சின்னம்மா அங்கே இருக்கிறார். ஒரு ஐப்பசி மழைக்கு அப்புறம் காலனி அடிபம்பில் வாடை. ‘லாரி டயர்கிட்ட நின்னா அடிக்குமே அந்த வாடை’ என்றார் சின்னம்மா. சோறு வடித்தால் சோற்றில் வாடை. புகார் கொடுத்து ரொம்ப நாள் கழித்து ஒருவர் வந்தார். பாட்டிலில் பிடித்து மோந்து பார்த்தார். ‘பைப்பு பழசு, துரு வாடை’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெண்கள் ஊர்ப் பக்கக் குழாயடிக்குப் போக வேண்டி வந்தது. அங்கே ‘நாங்க புடிச்ச பெறகு புடிங்க’. சின்னம்மா சொன்னார்: ‘அந்த வாடைகூடப் பரவால்லடா தம்பி. அங்க போயி குடத்தோட நிக்கிறதுதான் முடியல.’

தோழர்களே, விஷயம் இங்கேதான் இருக்கிறது. காலனிக்கு என்று ஒரு கிணறு, ஒரு அடிபம்பு வந்தது சும்மா வரவில்லை. 1924-இலேயே சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று அரசாணை வந்தது. மகாடுக்கு மூன்று வருஷம் முன்னாடி. ஆணை வந்தும் ஊர்க் கிணறு திறக்கவில்லை. ஊர்க் கிணற்றைத் திறக்க முடியாத அரசாங்கம் சேரிக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்துச் சமாளித்தது. அது தோல்விதான், தீண்டாமையோடு செய்துகொண்ட சமரசம்தான். ஆனாலும் அந்தத் தனிக் கிணற்றடியில் நம் பெண்கள் யார் முகத்தையும் பார்க்காமல் குடம் நிரப்பினார்கள். இரண்டு மூன்று தலைமுறை அப்படித்தான் தலை நிமிர்ந்தது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்தால், போவது தண்ணீர் மட்டுமில்லை. ஊர்க் குழாயடியில் கடைசி ஆளாக நிற்கிற பழைய இடத்துக்கு நம்மைத் திரும்பத் தள்ளிவிடுகிறது. நகரத்துக்காரருக்கு இது சுற்றுச்சூழல் பிரச்சினை. ஊரில் மாடிவீட்டுக்காரருக்கு 20 லிட்டர் கேன் செலவு. காலனிக்கு இது தீண்டாமைப் பிரச்சினை.

பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில், வேங்கைவயலில், 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை அதே ஊர் தலித் ஆட்கள் மூவரையே குற்றவாளிகள் என்றது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற அசிங்கத்திலேயே பழி குடித்தவன் பக்கம் திரும்புகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத பென்சீனில் என்ன நடக்கும்? ‘நீங்கதான் எதையாவது ஊத்தியிருப்பீங்க’ என்பார்கள். அதனால்தான் அறிவியலும் கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

சுத்தம் செய்வது எப்படி? முடியாத காரியம் இல்லை. முதல் வேலை கசிவை அடைப்பது. அடுத்து, மிதக்கிற எண்ணெயைத் தனிக் கிணறு போட்டு பம்பு வைத்து மேலாக உறிஞ்சுவது. மண்ணில் ஒட்டியிருக்கிற ஆவியை உறிஞ்சு குழாய் வைத்து இழுத்து வடிகட்டுவது. நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்தி, கரைந்திருப்பதை ஆவியாக்கி மேலே கொண்டுவருவது. தண்ணீரையே வெளியே எடுத்துக் கரி வடிகட்டியில் விட்டுச் சுத்தம் செய்வது. கடைசியாக, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை விடுவது. டெல்லி டெரி நிறுவனம் ஐந்து வகை பாக்டீரியாவைச் சேர்த்து, மக்காச்சோளச் சக்கைப் பொடியில் ஏற்றி, ஆயில்ஜாப்பர் என்று ஒன்றை உருவாக்கியது. எண்ணெய்க் கசடு கிடந்த பல இடங்களில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணில் இயல்பாகவே இப்படிப்பட்ட உயிர்கள் உண்டு. காற்றும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொடுத்தால் வேகமாகத் தின்னும். மேல் மண்ணில் மாதக்கணக்கு, ஆழத்தில் வருஷக்கணக்கு. ஆழத்தில் காற்று கிடைக்காது. அதனால் ‘பாக்டீரியா தெளிச்சாச்சு, எல்லாம் சரியாப் போச்சு’ என்று யாராவது சொன்னால், எத்தனை அடி ஆழத்துக்குச் சரியாயிற்று என்று கேளுங்கள். மகாடில் ஊற்றின 108 பானை மாதிரி இதுவும் ஒரு சடங்காகிவிடக்கூடாது. முன்னும் பின்னும் அளந்து காட்டினால் அது சுத்திகரிப்பு. அளக்காமல் தெளித்தால் அதுவும் பஞ்சகவ்யம்தான்.

இன்னொரு வழி, கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோவது. எந்த இடத்துக்கு? எந்த ஊரிலும் குப்பைக்கு ஒரு திசை உண்டு. சுடுகாட்டுப் பாதை ஓரம், காலனிக்குப் பின்னால். பங்க்கிலிருந்து எடுத்த மண்ணைச் சேரிக்குப் பின்னால் கொட்டினால் அதற்குப் பேர் சுத்தமா? தோண்டிய மண் எந்த லாரியில் எங்கே போகிறது என்பதைக் கடைசி வரை பின்தொடர்வது மாணவர்களின் வேலையாக இருக்கட்டும்.

அடுத்து, யார் கை? 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. வாளியால் அள்ளினார்கள். நாடு பூரா அந்தப் படத்தைப் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் சேர்ந்தது. அப்போதும் கையால் அள்ளியது மீனவர்கள். எண்ணெயால் பிழைப்புப் போனவர்களே எண்ணெயை அள்ளினார்கள். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. 2017-க்கும் 2023-க்கும் இடையில் ஆறு வருஷம். வாளி மட்டும் மாறவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது 2013-இல், தண்டையார்பேட்டையில் எண்ணெய் வந்த அதே வருஷம். அந்தச் சட்டம் மலத்தைப் பற்றியும் சாக்கடை, மலக்குழி பற்றியும் பேசுகிறது. எண்ணெய்க் கசடைப் பற்றிப் பேசவில்லை. அசிங்கத்தை அள்ளுவதற்கு என்று ஒரு கூட்டம் பிறந்திருக்கிறது என்ற நினைப்பு இந்த நாட்டில் மாறாதவரை, எந்தப் புது அசிங்கம் வந்தாலும் கான்ட்ராக்டர் நம் தெருவுக்குத்தான் ஆள் பிடிக்க வருவார். ‘ஒரு நாளைக்கு ஐநூறு, டிபன் உண்டு’ என்பார். நாம் சொல்ல வேண்டியது: மெஷினைக் கொண்டு வா. மெஷினை இயக்க ஆள் வேண்டுமா, பயிற்சி கொடு, முகமூடி கொடு, கையுறை கொடு, பி.எஃப். பிடி. வாளியோடு வராதே.

செலவு யாருடையது? பேங்க் பாஷையில் சொல்கிறேன். கடன் வாங்கினவன்தான் கட்ட வேண்டும். அசலும் வட்டியுமாக. நிலத்தடி நீரைக் கெடுத்தவன், நம்மைக் கேட்காமலே நம் கணக்கிலிருந்து கடன் எடுத்தவன். அதைச் சட்டமும் சொல்லிவிட்டது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பதோடு முடியாது, கெட்ட சூழலைத் திரும்பச் சீர்செய்கிற செலவும் கெடுத்தவருடையதே. 2010-இல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் இதைச் சொல்கிறது. 17-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், விபத்தாக நடந்தது, என் தப்பு இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்கிறது. 15-ஆம் பிரிவின்படி இழப்பீடும் சீரமைப்பும் கேட்க ஐந்து வருஷத்துக்குள் மனுப்போட வேண்டும். தேதியை மறந்துவிடாதீர்கள். நம் ஆட்கள் பல வழக்குகளில் தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, தேதி போய்விட்டதால்.

சட்டம் கொடுக்கிற இழப்பீடு யார் கைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். 2017 ஜூன் 30-இல் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. போராடியவர்கள் மேல் தடியடி, பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டோர் கைது. அந்தப் போராட்டம் நியாயமானது, நாம் அதன் பக்கம்தான். ஆனால் இழப்பீடு என்று வரும்போது பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. அந்த வயலில் நாற்று நட்டவள், களை எடுத்தவள், அறுப்பு அறுத்தவள், அவளுக்குப் போன கூலி நாள்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. டெல்டாவில் அந்தக் கூலிக்காரி பெரும்பாலும் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயல் கெட்டால் பட்டாவுக்கு நஷ்டம் என்று எழுதுகிற அதே பேனா, கூலிக்கும் நஷ்டம் என்று எழுத வேண்டும்.

சமீபத்து விதிகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புது பெட்ரோல் பங்க்குகளுக்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. பள்ளிக்கூடம், பத்துப் படுக்கையோ அதற்கு மேலோ உள்ள ஆஸ்பத்திரி, குடியிருப்புப் பகுதி இவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடநெருக்கடி என்றால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர், அதற்குக் குறையக் கூடாது. ஆனால் குடியிருப்பு என்பது உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பு என்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டுமாம். புறம்போக்கில் பட்டா இல்லாமல் அறுபது வருஷமாக இருக்கிற காலனி, வரைபடத்தில் குடியிருப்பா, வெறும் காடா? பட்டாப் போராட்டமும் தண்ணீர்ப் போராட்டமும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். அடுத்தது, 2025-இல் மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கு என்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். நம் மாவட்டப் பட்டியலில் எந்தெந்த இடம் இருக்கிறது? கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் போய்க் கேட்பதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தண்ணீரில் வாடை அடித்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் குழாய், மழைக்கு முன்னா பின்னா, யார் யார் பார்த்தார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெண்களிடம் முதலில் கேளுங்கள். ஆராய்ச்சிக் கூடத்துக்கு முன்னாலேயே கண்டுபிடிப்பது அவர்கள் மூக்கு. மாதிரி எடுக்கும்போது பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் காற்று இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, குளிர்ச்சியாக வைத்துச் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் பென்சீன் வழியிலேயே பறந்துவிடும், அறிக்கையில் ‘இல்லை’ என்று வரும். சாதாரணக் குடிநீர்ச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு பார்ப்பார்கள். எண்ணெயும் பென்சீனும் பாருங்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

அடுத்தது, ஒரு கிளார்க்காகச் சொல்கிறேன். பங்க்கில் தினமும் தொட்டிக்குள் அளவுகோல் விட்டு இருப்பைப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். வந்த சரக்கு, விற்ற சரக்கு, இருக்கிற சரக்கு. கணக்கில் துண்டு விழுந்தால், ஆவியானது போக மீதி எங்கே போயிற்று? மண்ணுக்குள் போயிருக்கலாம். கசிவு கிணற்றில் தெரிவதற்கு ரொம்ப நாள் முன்னாடி பேரேட்டில் தெரிந்துவிடும். அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லி அதிகாரிகளை வற்புறுத்துங்கள். அரசு எண்ணெய் நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறவை. பத்து ரூபாய்க் கட்டணம் போதும்.

எல்லாவற்றுக்கும் மேல், சோதனை முடிவு வருகிற வரைக்கும் காத்திருக்கச் சொல்வதை ஒத்துக்கொள்ளாதீர்கள். வாடை அடித்த மறுநாளே லாரித் தண்ணீர் காலனித் தெருவுக்குள் வர வேண்டும். ஊர் முச்சந்தியில் லாரியை நிறுத்தி ‘வந்து புடிச்சுக்குங்க’ என்று சொல்கிற ஏற்பாட்டை ஏற்கவே கூடாது. முச்சந்தியில் யார் முதலில் பிடிப்பார்கள், யார் கடைசியில் பிடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரி, சுத்தம் முடிந்தது என்று கம்பெனி கையெழுத்துப் போட்டால் போதாது. காலனி ஆட்கள் முன்னிலையில் தண்ணீர் எடுத்து, இரண்டு மழைக்காலம் தொடர்ந்து சோதித்து, முடிவைத் தமிழில் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

நம் கோரிக்கை ஒன்றும் சிக்கலானதில்லை. கெடுத்தவன் காசு, மெஷின் வேலை, அளந்த கணக்கு, தெருவுக்குள் தண்ணீர், பட்டா இல்லாதவருக்கும் கூலிக்காரருக்கும் இழப்பீடு. நாம் தொட்ட தண்ணீரைச் சுத்தம் செய்ய 108 பானை தேடிப் பிடித்தவர்களுக்கு, அவர்கள் கெடுத்த தண்ணீரைச் சுத்தம் செய்யப் பத்து வருஷம் தேவைப்படாது. அந்த அவசரத்தை அவர்களிடம் உண்டாக்குவதுதான் நம் வேலை. அடுத்த திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் சந்திப்போம்.

ஜெய்பீம்.